மாதாவுக்குத் தோள் கொடுத்த நாள்

போன செப்டம்பரில் என் கணவரால் நடக்க முடியாமல் போனதால்தான் நான் நடந்தேன்.

ஆரோக்கிய மாதா திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த சமயம். ஈப்போ பாசாருக்கு மீன் வாங்கப் போன மனிதர், மீன் பையோடு சாக்கடையில் கால் விட்டுக் கணுக்காலை முறித்துக்கொண்டு வந்தார். மாவுக்கட்டுப் போட்ட டாக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, இந்தக் கட்டோடு தெலுக் இந்தான் வரை நடக்கலாமா என்பதுதான். டாக்டர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "இவர வீட்டுல வச்சிருங்கம்மா" என்றார்.

அது எங்கள் குடும்பத்தில் வருடம் தவறாமல் நடக்கும் நடை. லங்காப் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தில் என் கணவர் பிறந்தார். பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு சனங்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களும் இடிந்துவிட்டன. தகரக் கூரை போட்ட மாதா கோயில் மட்டும் நிற்கிறது. திருவிழாவுக்கு முந்தைய சனிக்கிழமை எல்லாரும் அங்கே கூடி, மாதாவைச் சப்பரத்தில் வைத்து, தெலுக் இந்தானில் இருக்கும் பெரிய கோயிலுக்கு நடந்தே கொண்டுபோவார்கள். விடியலில் கிளம்பினால் பொழுது சாயும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம்.

நான் சுங்காயில் ஓர் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டேன். பிள்ளைகளை மறைக்கல்வி வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன், ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிட்டதில்லை. ஆனால் இந்த நடையில் மட்டும் என் வேலை வேறு. காரில் சோற்றுத் தூக்குவாளியும் தைலப் புட்டியும் வைத்துக்கொண்டு தெலுக் இந்தான் கோயில் வாசலில் காத்திருப்பேன். என்னை யாரும் வராதே என்று சொன்னதில்லை. வா என்றும் யாரும் கூப்பிட்டதில்லை. நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு வருடமும் கடைசித் திருப்பத்தில் அந்தக் கூட்டம் பாடிக்கொண்டு வரும்போது, புழுதிக் கால்களும் சிவந்த முகங்களுமாக அவர்கள் சிரிக்கிற சிரிப்பைப் பார்க்கும்போது, எனக்கும் அந்தக் கூட்டத்துக்குள் போய் நிற்கத் தோன்றும். பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும்.

மாவுக்கட்டுக் காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "எனக்குப் பதிலா நீ போயேன்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

"போறேன்" என்றேன்.

அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நெசமாவா?"

"நெசமாத்தான். ஏன், எனக்குக் கால் இல்லையா?"

மறுநாளே புதுச் சப்பாத்து வாங்கினேன். கிளினிக்கில் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் பக்கத்துத் திடலை இருட்டும் வரை சுற்றிச் சுற்றி வந்தேன். முதல் நாள் இரண்டு சுற்றிலேயே நாக்குத் தள்ளியது. அப்புறம் அப்புறம் எனக்கே நிறுத்த மனம் வரவில்லை. சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலாவுக்கு முதல் நாள் தூங்காமல் புரண்ட மாதிரி, அந்த வெள்ளிக்கிழமை தூக்கம் வராமல் புரண்டேன்.

சனிக்கிழமை விடியும் முன் என் கொழுந்தன் வேனோடு வந்துவிட்டார். கூரையில் ஒலிபெருக்கி கட்டிய வேன். நடப்பவர்களுக்கு முன்னால் மெதுவாகப் போய் ஜெபமாலையும் பாட்டும் நடத்துவது அந்த வேனின் பொறுப்பு. நடக்க முடியாத என் கணவர் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். ஊன்றுகோல் இரண்டும் அவர் மடியில். பின்னால் என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, என்னைவிட இளையவள், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு இடம்பிடித்திருந்தாள்.

"அக்கா, பசியாறிக்குங்க. இன்னிக்கு உங்கள நான் தெலுக் இந்தான் கொண்டு சேர்க்காம விடமாட்டேன்லா" என்றாள்.

"நீ முதல்ல சேரு. போன வருசம் பாதியில வேன்ல ஏறிக்கிட்டவ யாரு?"

"அது வேன் தானா வந்து நின்னுச்சுக்கா. நான் என்ன செய்வேன்?"

தோட்டத்துக் கோயிலை நாங்கள் அடைந்தபோது வானம் லேசாக வெளுக்கத் தொடங்கியிருந்தது. செம்பனை ஓலைகளுக்கு நடுவே பனி புகைபோல் நின்றது. நீலச் சட்டை போட்ட சனங்கள். சப்பரத்தில் பட்டுச்சேலை கட்டிய மாதா, கையில் குழந்தை. சுற்றிலும் செவ்வந்தியும் ஆர்க்கிட்டும். சப்பரத்தை நான்கு சக்கரத் தள்ளுவண்டி ஒன்றில் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். பெரிய கோயிலின் வளாகத்துக்குள் போன பிறகுதான் அதைத் தோளில் தூக்குவது வழக்கம். அதற்கான இரண்டு நீளக் கட்டைகள் சப்பரத்தின் அடியிலேயே பொருத்தி இருந்தன.

எல்லாரையும் நடத்திப் போகிற பொறுப்பு ஒரு பெண்ணுடையது. முப்பத்தைந்து வயது இருக்கும். ஒளிரும் பச்சை மேல்சட்டை, கழுத்தில் விசில். ஏதோ கிடங்கில் சூப்பர்வைசராக இருப்பதாக ஓரகத்தி சொன்னாள். "எடது ஓரம்! எடது ஓரமா வாங்க! ஃபோனப் பாக்கிறவங்க பின்னால வாங்க!" என்று அவள் போட்ட சத்தத்துக்கு மரத்தில் இருந்த மைனாக்கள் கலைந்து பறந்தன. அவளை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

கிளம்பினோம். நான் முதல் வரிசைகளில் ஒன்றில் இருந்தேன். இருநூறு பேர் ஒரே நேரத்தில் செம்மண்ணில் கால் வைக்கும் சத்தத்தை உள்ளே இருந்து கேட்டது அன்றைக்குத்தான். வாசலில் காத்திருந்தபோது கேட்டதெல்லாம் அதன் கடைசிப் பகுதிதான். பாட்டு ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் இங்கே அடுத்த வரி வந்துவிடும். நடுவில் இருப்பவர்கள் எந்த வரியைப் பாடுவது என்று தெரியாமல் இரண்டையும் பாடுவார்கள். முன்னால் வேனிலிருந்து என் கணவர், வானொலி அறிவிப்பாளர் தோற்கிற குரலில், "பின்னால் வரும் அன்பர்கள் சற்று வேகமாக வரவும்" என்று செந்தமிழில் அதட்டினார். செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் ஒன்று ஒதுங்கி நின்றது. அதன் மேல் உட்கார்ந்திருந்த வங்காளதேசத்து இளைஞர்கள் கையசைத்தார்கள். நான் இரண்டு கைகளாலும் அசைத்தேன்.

"அக்கா, நீங்க என்னமோ தேர்தல்ல நிக்கிற மாதிரி கையாட்டுறீங்க" என்றாள் ஓரகத்தி.

தோட்டத்துச் செம்மண் பாதை முடிந்து தார்ச்சாலையில் ஏறும் இடத்தில்தான் அது நடந்தது. லோரிகள் ஏறி இறங்கி அங்கே ஒரு பள்ளம். தள்ளுவண்டியின் முன்சக்கரம் அதில் இறங்கியது. 'டக்' என்று ஒரு சத்தம். சப்பரம் சாய்ந்தது. ஐந்தாறு பேர் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள். "மாதாவே!" என்று ஒரே கூக்குரல். சிலை அசையவில்லை. செவ்வந்தி மாலை ஒன்று மட்டும் அறுந்து தரையில் விழுந்தது. குனிந்து பார்த்தால், சக்கரம் அச்சோடு முறிந்து தனியாகக் கிடந்தது.

"அலாமாக், ரோசாக் ஆயிருச்சு" என்றார் கொழுந்தன், வேனிலிருந்து இறங்கி ஓடிவந்து. அது உடைந்துவிட்டது என்பதை அவர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. யாரும் சிரிக்கவில்லை, அதனால் அடக்கிக்கொண்டேன்.

சந்திப்பில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. நடத்துபவர் தமிழ் முஸ்லிம். எல்லாரும் அவரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்றே கூப்பிட்டார்கள். ரொட்டி சானாய் வீசிக்கொண்டிருந்தவர் மாவுக் கையோடு வந்து சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார். "இத ஒட்டவைக்க இங்க ஆள் இல்லம்மா. பீடோர் போகணும். போய் வர மத்தியானம் ஆயிரும்."

மத்தியானம் வரை காத்திருந்தால் மாலைப் பூசைக்குப் போய்ச் சேர முடியாது. என் கணவர் மைக்கிலேயே ஒரு யோசனை சொன்னார். "சிலைய மட்டும் கழட்டி வேன்ல, முன்சீட்ல வச்சுக்கலாம். நான் பின்னால போயிர்றேன். மாதாவுக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டாப் போவுது." அது ஒலிபெருக்கியில் சாலை முழுக்கக் கேட்டது. இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள்.

விசில் பெண் சிரிக்கவில்லை. சப்பரத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். அடியில் இருந்த கட்டைகளைத் தட்டிப் பார்த்தாள். "கட்ட இருக்கு. தோள் இருக்கு. தூக்கிட்டுப் போலாம்" என்றாள்.

தூக்குவதற்கென்று வந்த பையன்கள் கொடியை எடுத்துக்கொண்டு எப்போதோ முன்னால் போய்விட்டிருந்தார்கள். அடுத்த இளைப்பாறும் இடம் வரை அவர்களைப் பிடிக்க முடியாது. மிச்சம் இருந்தவர்களில் எட்டுப் பேர் வேண்டும். எட்டுப் பேரும் ஏறக்குறைய ஒரே உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குட்டையானவர் தோளில் கட்டை படவே படாது, நெட்டையானவர் தோளில் எல்லா எடையும் இறங்கிவிடும். விசில் பெண் பள்ளிக்கூடத்தில் நிறுத்துவது போல உயரவாரியாக எல்லாரையும் நிற்கச் சொன்னாள். ஏழு பேர் தேறினார்கள். எல்லாரும் ஆண்கள். எட்டாவதாக அவள் கண் என் மேல் வந்து நின்றது.

உயரத்தால் நான் பட்டது கொஞ்சமல்ல. பள்ளியில் எப்போதும் கடைசி வரிசை. கல்யாணப் படத்தில் என் கணவர் ஒரு பலகை மேல் நிற்கிறார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

"அக்கா, நீங்க வாங்க" என்றாள்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். "நானா?"

"நீங்கதான். சப்பாத்தக் கழட்டுங்க. தூக்குறவங்க வெறுங்கால்ல நடக்கணும்."

வரிசையில் நின்ற ஒருவர், நடுத்தர வயது, தொண்டையைச் செருமினார். "பொம்பள தூக்குனா சரியா வருமாம்மா? வழக்கம் இல்லையே."

விசில் பெண் அவர் பக்கம் திரும்பினாள். "தூக்கப்போறதும் பொம்பள, மேல நிக்கிறதும் பொம்பள. இதுல உங்களுக்கு என்னண்ணே கஷ்டம்?"

அவர் மாதாவை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரிதான்" என்று சொல்லிவிட்டு, தான் பிடித்திருந்த இடத்தை விட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்து, எனக்கு முன்வரிசையில் வலதுபக்கம் வழிவிட்டார்.

கடைக்கார நானா உள்ளே ஓடி நீலக்கரை போட்ட வெள்ளைத் துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்தார். புதுசு, மடிப்புக் கலையாதது. "தோள்ல மடிச்சுப் போட்டுக்குங்க. இல்லேன்னா தோல் உரிஞ்சிரும்" என்று ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். உடைந்த வண்டியைக் கடைக்குப் பின்னால் உருட்டிப் போட்டுக்கொண்டார். ஓரகத்தி என் சப்பாத்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். 

"மரியே!" என்றாள் விசில் பெண்.

"வாழ்க!" என்றோம். தூக்கினோம்.

முதல் எடை தோளில் இறங்கியபோது, முடியாது என்றுதான் தோன்றியது. அரிசி மூட்டையின் எடை எனக்குத் தெரியும். அது ஒரே இடத்தில் கிடக்கும். இதுவோ மற்ற ஏழு பேரும் கால் வைக்கும்போதெல்லாம் நகர்ந்தது. ஒருவர் தடுமாறினால் எடை என்னிடம் வந்தது, நான் தடுமாறியபோது அவர்களிடம் போனது. சிறிது தூரம் எட்டுப் பேரும் எட்டு விதமாக நடந்தோம். விசில் பெண் எங்களுக்கு முன்னால், எங்களைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்துகொண்டே விசிலை ஊதினாள். இடது, வலது. இடது, வலது. எப்போது என்று தெரியவில்லை, எங்கள் கால்கள் ஒன்றாகிவிட்டன. எடை குறைந்துவிட்டது போல் இருந்தது. குறையவில்லை, எட்டாகப் பிரிந்து அங்கங்கே அமர்ந்திருந்தது. தலைக்கு மேல் பூக்கள் ஆடும் சத்தம் எனக்குக் கேட்டது. எனக்கு ஓடலாம் போல் இருந்தது.

அப்போதுதான் வேன் ஒலிபெருக்கி கரகரத்தது. ஜெபமாலையில் பத்து மணிகள் கொண்ட ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்க வேண்டிய இடம்.

"அன்பார்ந்த இறைமக்களே" என்றார் என் கணவர். கொஞ்சம் நிறுத்தினார். செந்தமிழ் அவரைக் கைவிட்டுவிட்டது. "முன்னால வலது பக்கம் தூக்கிட்டு வர்றது என் பொண்டாட்டி. எல்லாரும் பாத்துக்குங்க!"

பின்னால் இருந்து ஆரவாரமும் கைத்தட்டலும். எதிரே வந்த கார் ஒன்று என்ன விஷயம் என்று தெரியாமலேயே ஹாரன் அடித்துவிட்டுப் போனது. எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் தலையைக் குனிய முடியாது, தோளில் கட்டை. நிமிர்ந்துதான் நடந்தேன்.

இளைப்பாறும் இடத்தில் சப்பரத்தை மேசைகள் மேல் இறக்கினோம். கொடிப் பையன்கள் ஓடிவந்து, "ஆன்ட்டி, நாங்க பாத்துக்கிறோம்" என்றார்கள். மற்ற ஏழு பேரில் ஆறு பேர் மகிழ்ச்சியோடு இடத்தைக் கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை. என் பக்கத்தில் நின்ற, வழக்கம் இல்லையே என்று சொன்னவரும் கொடுக்கவில்லை. "இந்தம்மா விடுற வரைக்கும் நானும் விடமாட்டேன்" என்றார். வாளியில் இருந்த சர்பத் தண்ணீரை நாங்கள் இருவரும் மாற்றி மாற்றிக் குடித்துவிட்டு மறுபடி தோளைக் கொடுத்தோம்.

நண்பகலுக்குப் பிறகு வெயில் தார்ச்சாலையைக் காய்ச்சியது. சாலையோரப் புல்லில் கால் வைக்கலாம் என்றால் சப்பரத்தோடு ஓரத்துக்குப் போக முடியாது. உள்ளங்கால் முதலில் எரிந்தது, அப்புறம் மரத்தது, அப்புறம் மறுபடி எரிந்தது. ஓரகத்தி பக்கத்திலேயே நடந்து வந்து என் வாயில் தண்ணீர் ஊற்றினாள், பாதி கழுத்தில் போனது. "மாத்திக்கலாமாக்கா?" என்று கேட்கும்போதெல்லாம் நான் தலையாட்டி மறுத்தேன். பிடிவாதமா என்றால், இல்லை. இவ்வளவு காலம் வாசலில் நின்றவள் உள்ளே வந்துவிட்டேன், யாரும் வெளியே போகச் சொல்லாதீர்கள் என்பது போல ஓர் ஆசை.

தெலுக் இந்தான் எல்லைக்குள் நுழைந்ததும் ஒரு குடியிருப்பு. வரிசை வீடுகள், வாசலுக்கு வாசல் தோரணமும் சாமி படமும். இந்துக் குடும்பங்கள். வழியில் பெண்கள் வாளிகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். கிட்டே போன பிறகுதான் பார்த்தேன். மஞ்சள் கரைத்த தண்ணீர், மேலே வேப்பிலை. நைட்டிக்கு மேல் துண்டு போட்ட ஓர் இளம்பெண் சாலையில் இறங்கி என் முன்னால் வந்தாள்.

"நில்லுங்கக்கா, கால் சுடுதுல்ல" என்றாள். குனிந்து ஊற்றினாள்.

அவளுக்குத் தெரியாது. சுங்காயில் எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவில் காவடிகள் வரும்போது குடத்தோடு வாசலில் நின்று ஊற்றியவள் நான். எங்கள் வீட்டில் அது என் வேலை. எத்தனையோ கால்களில் ஊற்றியிருக்கிறேன். தண்ணீர் பட்டதும் அந்தக் கால்விரல்கள் சுருங்கி விரிவதைப் பார்த்திருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. குளிர்ச்சி கணுக்காலில் தொடங்கி உச்சந்தலை வரை ஏறியது. என் விரல்கள் சுருங்கி விரிந்தன. அழுகை வந்தது, ஆனால் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் தண்ணீர் பட்ட என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் யாருடைய மருமகள், எந்தக் கோயிலுக்கு உரியவள் என்ற கேள்வியெல்லாம் அந்த வாளிக்குள்ளேயே கரைந்து போனது போல இருந்தது. அடுத்த வீட்டு வாளி, அதற்கடுத்த வாளி. தெருவே மஞ்சளாக ஓடியது.

அதற்குப் பிறகு வலி இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. தெலுக் இந்தானின் பேர்போன சாய்ந்த கோபுரத்தைத் தாண்டியபோது சுற்றுலா வந்தவர்கள் கோபுரத்தை விட்டுவிட்டு எங்களைப் படம் எடுத்தார்கள். சீனர் கடைகளிலிருந்து ஆட்கள் கடைமுன் நடைபாதையான ஐந்தடியில் வந்து நின்றார்கள். பாட்டு உரக்க உரக்க, எங்கள் நடையும் வேகமெடுத்தது. "பெலான், பெலான்!" மெதுவாக, மெதுவாக என்று விசில் பெண் கத்தினாள். அவளே ஓட்டமாகத்தான் வந்துகொண்டிருந்தாள்.

கோயில் வாசலில் மணி அடிக்கத் தொடங்கியது. வேன் ஓரமாக நின்றது. கதவைத் திறந்துகொண்டு என் கணவர் இறங்கினார். இரண்டு ஊன்றுகோல்களிலும் தொங்கித் தொங்கி எங்களுக்கு முன்னால் வந்து நின்றார்.

"எத்தன வருசமா நடக்கிறேன்" என்றார். மைக் இல்லாததால் அவர் குரல் சின்னதாகக் கேட்டது. "ஒரு தடவகூட என்னத் தூக்க விட்டதில்ல. குட்டையா இருக்கேன்னு."

இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. சப்பரத்துக்கு அடியிலிருந்து அவரைப் பார்த்தேன். வேர்த்து, மாவுக்கட்டெல்லாம் புழுதியாகி, முகம் பையன் மாதிரி ஆகியிருந்தது.

விசில் பெண் அவரையும் பார்த்தாள், எங்களையும் பார்த்தாள். "எட்டுப் பேரும் முட்டிய மடக்குங்க" என்றாள்.

மடக்கினோம். தொடைகள் நடுங்க, சப்பரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. நான் சற்று விலகி என் இடத்தில் பாதியைக் கொடுத்தேன். அவர் ஓர் ஊன்றுகோலை ஓரகத்தியிடம் நீட்டிவிட்டு, ஒற்றைக் காலில் என் பக்கத்தில் வந்து, கட்டையைத் தோளில் வாங்கிக்கொண்டார். அவர் கன்னம் என் தோளில் பட்டது. எட்டுப் பேரும் அரைமுட்டியில் நின்றோம்.  மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"கனமா இருக்கு" என்றார்.

"ஆமா" என்றேன்.

"நல்லா இருக்கு."

"ஆமா."

அவர் விலகியதும் நாங்கள் நிமிர்ந்தோம். வாசலைத் தாண்டி உள்ளே போனோம். ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். பூக்கள் தூவினார்கள். மேடையில் சப்பரத்தை இறக்கி வைத்து, தோளை மெல்ல உருவினேன். உடம்பு அப்படியே மேலே எழும்பிப் போய்விடும் போல் இருந்தது. பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். வழக்கம் இல்லையே என்றவரின் கை. அவர் என் கையை இரண்டு கைகளாலும் பற்றிக் குலுக்கினார், ஏதோ நாங்கள் இருவரும் சேர்ந்து பந்தயத்தில் ஜெயித்தது போல.

பிறகு வளாகத்தில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டேன். ஓரகத்தி என் காலைத் தன் மடியில் போட்டுத் தைலம் தேய்த்தாள். இந்த முறை அவள் பாதியில் வேனில் ஏறவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன், சொன்னேன். "உங்க சப்பாத்த யாருக்கா தூக்கிட்டு வர்றது?" என்றாள். மூன்று தட்டுச் சோறு தின்றேன், அவள் வாய்விட்டு எண்ணினாள்.

பூசை தொடங்கியது. ஃபாதரின் பிரசங்கத்தில் முதல் இரண்டு வாக்கியங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அதன் பிறகு கணவரின் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கிவிட்டேன். விழித்தபோது சுற்றிலும் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். யாரோ மைக்கில் "மரியே!" என்றார்கள். நான் துள்ளி எழுந்து, கோயிலே திரும்பிப் பார்க்கும்படி "வாழ்க!" என்று கத்திவிட்டேன். மற்றவர்கள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஓரகத்தி பெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். என் கணவருக்கு ஊன்றுகோல் நழுவிக் கீழே விழும் அளவுக்குச் சிரிப்பு. நானும் சிரித்தேன். பீடத்தில் நின்ற ஃபாதரும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்தக் கோயில் முழுவதும் சேர்ந்து "வாழ்க!" என்று எனக்குப் பதில் சொன்னது.